ஆயம்மாள் வீட்டுப் பதினோரு சாவிகள்

சாவியை நீட்டுகிற ஒருவரும் ஆயம்மாளின் முகத்தைப் பார்ப்பதில்லை. காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் சாவி. போனில் பேசிக்கொண்டே சாவியைக் காற்றில் ஆட்டுவார்கள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து வாங்கி, உள்சுவரில் வரிசையாக அடித்திருக்கும் பதினோரு ஆணிகளில் அந்தந்த ஆணியில் மாட்ட வேண்டும். சாயங்காலம் அவர்கள் தேயிலைக் கொழுந்து பறித்துத் திரும்பும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். இதற்கு நடுவில் ஒரு மனுஷிக்குச் சொந்தமாக ஒரு வேலை இருக்கலாம், எங்கேயாவது போக வேண்டியிருக்கலாம் என்று அந்த லைனில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

கீழ் கோத்தகிரிச் சரிவில் சோலைமட்டம் எஸ்டேட்டின் மூன்றாம் நம்பர் லைன் அது. ஒரே கூரையின் கீழே பன்னிரண்டு வீடுகள். கடைசி வீடு ஆயம்மாளுடையது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து மழையில் கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்து இடுப்பு போனது. அதோடு தோட்டத்து வேலையும் போனது. புருஷனுக்கு ஃபேக்டரியில் வேலை இருந்ததால் வீடு தங்கியது. அவர் இறந்த பிறகும் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. ஒரு காலத்தில் இந்த வீடுகளுக்கு அடிதடி நடந்தது. இப்போது குடியிருக்க ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அவள் விழுந்த மறுவருஷம் பக்கத்து லைனில் ஒரு திருட்டு நடந்தது. உடனே எஸ்டேட்டை நடத்தும் துரைக்கு அக்கறை பொங்கி, எல்லா வீட்டுக்கும் பூட்டு கொடுக்கச் சொன்னார். கோத்தகிரியில் ஒரு கடையிலிருந்து ஒரே அட்டைப்பெட்டியில் பன்னிரண்டு பித்தளைப் பூட்டுகள் வந்து இறங்கின. அதுவரை கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்களுக்குச் சாவியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடுப்பில் செருகினால் தேயிலைச் செடிக்குள் விழுந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்குக் கதவு திறந்தாக வேண்டும். வீட்டில் சும்மா இருக்கிறவள் ஆயம்மாள்தானே என்று ஒருத்தி கொடுத்தாள். மறுநாள் மூன்று பேர். ஒரு வாரத்தில் பதினொன்று. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை, அவள் சரி என்று சொல்லவும் இல்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் நான்காம் வீட்டு மாலதிக்குக் கொடுக்க வேண்டிய சாவியை ஒன்பதாம் வீட்டுச் சுடலையின் மனைவிக்கும், அவளுடையதை மாலதிக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டாள். காலையில் சாவிகள் திரும்பி வந்தபோதுதான் அது தெரிந்தது. மாலதியின் சாவியில் எப்போதும் ஒரு சிவப்பு நூல் இருக்கும். அது சுடலை வீட்டிலிருந்து வந்தது. அப்படியானால் நேற்று இருவரும் மாற்றுச் சாவியால் எப்படிக் கதவைத் திறந்தார்கள்? எல்லோரும் தோட்டத்துக்குப் போன பிறகு ஆயம்மாள் ஒரே ஒரு சாவியை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, பதினோரு பூட்டிலும் போட்டுப் பார்த்தாள். பதினொன்றும் திறந்தன. அவளுடைய சொந்தப் பூட்டும் திறந்தது.

 ஒவ்வொரு கதவையும் மறுபடி பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? அன்றைக்கு வரை காணாமல் போன கரண்டி, கோழி, உள்பாவாடை எல்லாவற்றுக்கும் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஒரே கூரையின் கீழே பன்னிரண்டு வீட்டுச் சண்டை. சொல்லாமல் விட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. அவள் வாயை மூடிக்கொண்டாள். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். பகலில் பதினோரு சாவிகளும் ஒரே இடத்தில் இருக்கும்வரைதான் அது ரகசியம். வேறு யாராவது இரண்டு நாள் இந்தச் சாவிகளைக் கையில் வைத்திருந்தால், தான் செய்த அதே தப்பைச் செய்து, அதே விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஆயம்மாள் வேலை நாளில் லைனை விட்டு நகர்வதே இல்லை. கூடலூரில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகவில்லை. மகள் கலைமதி கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியும் அவள் தங்கியிருக்கும் இடம் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது. கேட்டால் இடுப்பு வலி என்பாள். இடுப்பு வலியும் இருந்தது, பொய் இல்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். முன்பெல்லாம் லைனுக்கே ஒரு டிவி. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு எல்லாச் செருப்பும் ஒரே வாசலில் கிடக்கும். பிறகு வீட்டுக்கு ஒரு டிவி வந்தது, கதவுகள் ஐந்து மணிக்கே சாத்தப்பட்டன. பிறகு ஆளுக்கு ஒரு போன் வந்தது, சாத்திய கதவுக்குள்ளேயும் ஆளுக்கு ஒரு மூலை. புருஷன் பெயரைச் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று இருந்தவர்களின் மருமகள்கள், புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதில் ஆயம்மாளுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆறாம் வீட்டில் குடித்துவிட்டு வந்து அடிக்கிற சத்தம் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். ஒருவரும் போய்க் கதவைத் தட்டமாட்டார்கள், அவளும் தட்டியதில்லை. இப்போது அப்படி ஒரு சத்தம் கேட்டால் எவளாவது போலீஸுக்குப் போன் போடுவாள். நல்லதுதான். ஆனால் நான்கு வீடு தள்ளி இருக்கிறவள், எழுந்து வராமல், "அக்கா, எம் பார்சல் வந்துச்சா" என்று போனில் கேட்கும்போதுதான் அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

ஆமாம், பார்சல். சாவி போதாது என்று அது வேறு. வெளியூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் அம்மாவுக்கு மிக்ஸி, அப்பாவுக்கு ஸ்வெட்டர் என்று அனுப்புகிறார்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லை. கொண்டுவருகிற நெல்சன் பைக்கை நிறுத்திவிட்டு நேரே கடைசி வீட்டுக்கு வந்துவிடுவான். நல்ல மனிதன்தான், ஆனால் ஒவ்வொரு பார்சலுக்கும் ஓடிபி கேட்பான். அவள் தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குப் போன் அடிக்க வேண்டும். அங்கே சிக்னல் இருக்காது. போன மாதம் பெயர் தெரியாமல் மாலதியின் நைட்டியைச் சுடலையிடம் கொடுத்துவிட்டாள். மனைவி போய் மூன்று வருஷமாகத் தனியாக இருக்கிற கிழவர் அதைப் பிரித்துப் பார்த்து விழிக்க, லைனே ஒரு வாரம் சிரித்தது.

சிரிப்புக்குப் பின்னால் இருந்த காரணத்தை யாரும் யோசிக்கவில்லை. அவளுக்குக் கண் தெரியவில்லை. இடது கண்ணில் புரை முற்றிப்போய், பார்சலில் எழுதியிருப்பது எல்லாம் பனிமூட்டத்துக்குள் தெரிகிற தேயிலைச் செடியாகிவிட்டது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. சாவிகளை அவள் ஆணியின் வரிசையை வைத்துத்தான் எடுத்துக் கொடுத்தாள். கண் முகாமுக்கு வந்த டாக்டர் போன வருஷமே எச்சரித்திருந்தார். இலவச ஆபரேஷன், அவர்களே வண்டியில் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் மூன்றாம் நாள் கொண்டுவந்து விடுவார்கள். ஆயம்மாள் இரண்டு முகாமைத் தவறவிட்டாள். மூன்றாவது முகாமில் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவையும் வராவிட்டால் அந்தக் கண்ணை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை வண்டி.

கலைமதி போனில் கத்தினாள். "நீங்க என்ன அந்த லைனுக்கு வாட்ச்மேனாம்மா? கண்ணு போனப்புறம் அவங்க யாராச்சும் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்களா?"

 மூன்று நாளைக்குச் சாவியை யாரிடமாவது ஒப்படைக்கலாம் என்று ஆயம்மாள் செவ்வாய்க்கிழமை புறப்பட்டாள். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் சுடலை. ஓய்வுபெற்ற வாட்ச்மேன், அவரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவரோ கையெடுத்துக் கும்பிட்டார். ஏதாவது ஒரு பொருள் காணாமல் போனால் நாளைக்குத் தன் தலையில் விடியும், இந்தக் காலத்தில் யாரையும் நம்பிப் பொறுப்பு எடுக்க முடியாது என்றார். மாலதிக்கு ஃபேக்டரியில் ஷிப்ட். இன்னொருத்தி, பக்கத்து வீட்டுக்காரியின் சாவி தன் கையில் படக்கூடாது என்றாள். அவர்கள் இருவரும் ஏதோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தகராறில் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. மற்றபடி எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்.

"அடுத்த மொகாமுக்குப் போயிக்கலாமுங்களே அக்கா" என்றாள் மாலதி. "இத்தன நாள் தாங்குன கண்ணு, இன்னும் ஆறு மாசம் தாங்காதுங்களா?"

ஆயம்மாளுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி நடந்தாள். நடந்தவள் தன் வீட்டுக்குப் போகாமல், அதற்கு முந்திய பதினோராம் வீட்டின் முன்னால் நின்றாள். அது மனிஷாவின் வீடு.

பன்னிரண்டில் நான்கு வீடுகளில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் தொடாத கொழுந்தை அவர்கள்தான் பறித்தார்கள். வந்த புதிதில், பழைய வீட்டுக்காரர்கள் விட்டுப்போன அதே பித்தளைப் பூட்டைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் செய்வதைப் பார்த்து அவர்களும் ஆயம்மாளிடம் சாவியைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். லைனில் யாரும் அவர்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. திட்டுவதும் இல்லை, அழைப்பதும் இல்லை. மனிஷாவுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை, அதனால் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். இரண்டு வருஷத்தில் கொஞ்சம் தமிழ் பேச வந்திருந்தது. ஆயம்மாள் கேட்டதும் சரி என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் சாவி வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், நாளையிலிருந்து மூன்று நாள் மனிஷாவிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆயம்மாள் சொன்னாள். முகங்கள் மாறின. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றால் வேறு ஆள் யார் என்று அவள் கேட்பாளே.

வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும் அவளுக்கு லைன் நினைப்புதான். இந்நேரம் மனிஷா எந்தச் சாவியை யாரிடம் மாற்றிக் கொடுத்திருப்பாளோ என்ற பயம். பார்சலுக்கோ சாவிக்கோ, ஆஸ்பத்திரியில் அவள் போன் விடாமல் அடித்தது. மூன்றாவது அழைப்பில் நர்ஸ் அதை வாங்கி அணைத்து, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். கண்ணில் கட்டோடு படுத்துக்கிடந்த இரண்டு நாளும் ஆயம்மாள் லைனில் நடக்கும் சண்டையை மனதுக்குள் நடத்திப் பார்த்தாள். யார் யாரை என்ன சொல்வார்கள் என்பது வரைக்கும்.

சனிக்கிழமை மதியம் வண்டி திரும்பக் கொண்டுவந்து விட்டது. கறுப்புக் கண்ணாடி, பையில் சொட்டு மருந்து. லைனின் முதல் வீட்டுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டாள். கதவில் புத்தம்புது பூட்டு, வெள்ளியாய் மின்னியது. அடுத்ததில் ஒன்று. மாலதி வீட்டில் கைப்பிடி அளவுக்கு ஒரு பெரிய பூட்டு. எண்ணிக்கொண்டே நடந்தாள். ஏழு. இருபத்தொரு வருஷம் கட்டிக் காத்ததை மூன்று நாளில் போட்டு உடைத்துவிட்டாளே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேரே மனிஷாவின் வாசலுக்குப் போய், உட்காரக்கூடச் செய்யாமல், வாய்க்கு வந்தபடி திட்டினாள். உன்னை நம்பினேனே, ஊர் பூராவும் சொல்லிவிட்டாயா, உனக்கு எதற்கு இந்த வேலை என்று.

மனிஷா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். திட்டி முடிக்கும்வரை நின்றாள். பிறகு உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். அவள் வீட்டுச் சாவியோடு சேர்த்து நான்கு சாவிகள் இருந்தன.

"எல்லாச் சாவியும் ஒரே சாவி அம்மா" என்றாள் மெதுவாக. "மொத நாளே தெரிஞ்சது. யாருக்கும் சொல்லல. எங்க வீட்டுக்காருக்குக்கூடச் சொல்லல. சொன்னா சண்டை வரும்."

ஆயம்மாள் டப்பாவிலிருந்த சாவிகளைப் பார்த்தாள். தான் அன்று நினைத்ததை வார்த்தை மாறாமல் இந்தப் பெண் சொல்கிறாள். அப்படியானால் புதுப் பூட்டு? அவள் வாயைத் திறப்பதற்குள் மாலதி வந்துவிட்டாள். சனிக்கிழமை அரை நாள் ஷிப்ட். ஆபரேஷன் எப்படி நடந்தது என்று விசாரித்தாள், கண்ணாடி நன்றாக இருக்கிறது என்றாள். கையில் புதுச் சாவி இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து பழையபடி கொடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

"பூட்ட ஏன் மாத்துனீங்க?" என்று கேட்டாள் ஆயம்மாள்.

"அதுங்களா" என்று மாலதி இழுத்தாள். "பழசு எல்லாம் ஒரே சாவிக்குத் தெறக்குமுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களாக்கா? நான் ஒருக்கா தப்பான சாவியைக் கொண்டுபோயித் தெறந்தேன். இருவது வருசத்துக்கு மேல இருக்கும். சுடலையண்ணன் ஊட்லயும் தெரியும். எல்லாத்துக்கும் தெரியும். யாரும் பேசிக்கறதில்ல, அவ்வளவுதான்."

ஆயம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கூடலூர்க் கிரகப்பிரவேசம், மகள் இருக்கும் இடம், இரண்டு முகாம், ஏறத்தாழ ஒரு கண். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்ற இத்தனையும் கொடுத்திருக்கிறாள். இவர்கள் ஒருவர்கூட வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரிப்பதா, மாலதியின் கன்னத்தில் ஒன்று விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சும் இத்தன வருசம் அதே பூட்டத்தான போட்டிருந்தீங்க. இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"அப்ப சாவி உங்ககிட்டத்தானுங்க இருந்துச்சு" என்றாள் மாலதி.

சொல்லிவிட்டு, மனிஷா நிற்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆயம்மாள் லைனை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். வரும்போது எண்ணிக்கை மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போது எந்தெந்தக் கதவு என்று தெரிந்தது. தமிழ்க்காரர்களின் ஏழு வீட்டிலும் வெள்ளைப் பூட்டு. ஜார்க்கண்ட்காரர்களின் நான்கு வீட்டில் மட்டும் அதே பழைய பித்தளை. ஒரு பொருள் காணாமல் போகவில்லை, ஒரு சாவி தொலையவில்லை. அவள் வண்டி ஏறிய அன்றைக்கே எல்லோரும் கடைக்குப் போயிருக்கிறார்கள். சற்று முன்னால் இந்த வாசலில் நின்று தானும் இந்தப் பெண்ணைத்தான் சந்தேகப்பட்டது அவளுக்கு உறைத்தது. தன் வாய் சும்மா இருந்திருக்கக்கூடாதா என்று வெட்கமாக இருந்தது.

"இந்தாங்கக்கா" என்று மாலதி சாவியை நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம். நீ திருடனுக்குப் பயந்து அந்தப் பூட்டப் போடல மாலதி. இவளுக்குப் பயந்து போட்டிருக்கே. அத இவ மொகத்தப் பாத்து ஒருக்காச் சொல்லு, அப்பறம் சாவியக் குடு, வாங்கிக்கறேன்."

மாலதி மனிஷாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தாள், அதன் கன்னத்தைத் தொடுவதுபோலக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. புதுப் பூட்டு, சுலபத்தில் திறக்கவில்லை.

மனிஷாவுக்கு எவ்வளவு தமிழ் புரிந்தது என்று ஆயம்மாளுக்குத் தெரியவில்லை. எல்லாமே புரிந்திருக்கும் என்று பயமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் மனிஷா அவள் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து, சீட்டில் போட்டிருந்த மணிக் கணக்கைப் பார்த்தாள். ஆயம்மாளைப் படியில் உட்கார வைத்து, குழந்தையை அவள் மடியில் கொடுத்தாள்.

"மேலே பாருங்க அம்மா" என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அவள் கண் இமையை விரலால் பிரித்தாள். "இது ரொம்ப எரியுமா?"

"எரியட்டும், ஊத்து" என்றாள் ஆயம்மாள்.